நிறுத்தச் சொன்னது யார்?

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் நிறுவனம் அது. எந்த இருக்கைக்கு எந்தச் சாப்பாடு என்று சொல்லும் மென்பொருளைக் கணினிப் பிரிவு இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தது. அதன் தலைவிதி இன்று மேல்மாடிக் கூட்டத்தில் முடிவாகிறது. அதை எழுதியவர்களில் ஒருவனான சாம்பவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பிரிவுத் தலைவி கௌசலா படியிறங்கி ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தப்பிட்டமோ அக்கா?"

"இல்லை. நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம்."

"பேந்தேன் சிரிக்கிறியள்?"

"கொம்பனி இனிப் பிளேனை விட்டிட்டு கார்தெரியளில, அதுதான் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில, இருக்கிற சின்னப்பிள்ளையளுக்கெல்லோ சமைக்கப்போகுது. எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துவராதெண்டு சொல்ல ஒரு மென்பொருள் வேணும். அதை எங்களிட்டத் தந்திட்டினம். நாளைக்கே தொடங்கிறம்."

சாம்பவனுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் கோபம் ஆறவில்லை.

"அது சரி. எங்கட ரெண்டு வருச உழைப்பைத் தூக்கி எறியச் சொன்ன விசரன் ஆர்?"

கௌசலா கையிலிருந்த, வேலையை நிறுத்தப் பரிந்துரைத்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அடியில் அவளுடைய கையெழுத்து.

"விசரன் இல்லை தம்பி, விசரி."