எடுத்து வைத்த புத்தகம்

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்" என்று வைத்தீஸ்வரன் சொன்னதும் கிளாரா கையை நீட்டிவிட்டாள். அவர் புத்தகத்தைக் கொடுத்தது பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு.

நீட்டிய கையால் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மாட்டுங்காவில் அவருடைய அப்பா பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் விற்று ஆரம்பித்த கடை. அக்கம்பக்கத்துக் கடைகளெல்லாம் மொபைல் கடையாகவும் மோமோ கடையாகவும் மாறிவிட்டன. இது மட்டும் அசையவில்லை.

கிளாராவும் அசையவில்லை. சனிக்கிழமைதோறும் ஆபீஸ் விட்டு பாண்டுப் வீட்டுக்கு ரயிலில் போகிற வழியில் இங்கே இறங்குவாள். இறங்குவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இப்போது அதே வாக்கியம், அதே சிரிப்பு, நேற்று முளைத்த ஒருத்திக்கு. செம்பூரிலிருந்து வருகிறாளாம். பெயர் மானசாவாம். நின்ற இடத்திலேயே முதல் பக்கத்தைப் புரட்டிக் கடகடவென்று வாசிக்கிறாள். என்ன அலட்டல்.

இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் இந்தக் கடை முழுகியபோது இவள் தொட்டிலில் கிடந்திருப்பாள். கிளாராதான் லீவு போட்டுவிட்டு வந்தாள். பிய்ந்துபோன தாள்களை ஃபேன் காற்றில் உலர்த்தி, பக்க எண் பார்த்து அடுக்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை வந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கதை என்ன அங்கிள்?" என்று மானசா கேட்டாள்.

"அத நான் சொல்லப்டாது. நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கோங்கோ."

கிளாராவுக்கு உயிர் வந்தது. இவளுக்குச் சொல்லவில்லை. தனக்கென்றால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, யார் செத்தார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று முடிவுவரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். வெளியே போகிற மானசாவைக் கொஞ்சம் இரக்கத்தோடுகூடப் பார்த்தாள். பாவம், வெறும் புத்தகம்தான் கிடைத்தது.

அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் கிளாராவுக்கு உறைத்தது.

படிக்கப்போகிறவர்களிடம் யாராவது முடிவைச் சொல்வார்களா?

வெள்ளம் வடிந்த அன்று, அவள் ஒன்றாக அடுக்கிக் கொடுத்த தாள்களை அவர் தனியே உட்கார்ந்து சாயங்காலம்வரை இரண்டு வெவ்வேறு புத்தகங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமைதான் முதல்முதலாக ஸ்டூல் போட்டார்.

பாண்டுப் வீட்டுக் கட்டிலுக்கடியில் அத்தனை பொட்டலங்களும் நூல் அவிழ்க்காமல் கிடக்கின்றன. மராத்தி மீடியத்தில் படித்த கிளாராவுக்குத் தமிழ்ப் புத்தகத்தில் எண்களைத் தவிர ஒன்றும் வாசிக்கத் தெரியாது.

வைத்தீஸ்வரன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"முடிவையும் சொல்லிருங்க ஸார்."