நின்று நின்று ஒரு பயணம்

"இங்க ஒரு தடவை நிறுத்தணும். அப்புறம் இந்தப் பெட்ரோல் பங்க்ல. அதைத் தாண்டினதும் இந்த ஹோட்டல்ல."

என் வீட்டுக்காரர் வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்படி நின்னு நின்னு போனா, நாம போய்ச் சேர்றதுக்குள்ள கடலே வத்திடும்."

எங்கள் ஊர்க் கடலில் சூரியன் உதிக்கும். ரெண்டு நாட்டு எல்லையைத் தாண்டிக் காரிலேயே போனால், சூரியன் மறைகிற கடல் வரும். அந்தக் கரையில் ஒரு சாயங்காலம் நிற்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே என் ஆசை. இந்த வருஷம்தான் அதற்கு வழி பிறந்தது.

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ஒரு விரலால் சாலையைத் தொட்டபடி கண்ணை மூடினால் போதும், எனக்கு வண்டி கிளம்பிவிடும். ஜன்னலில் காற்று, மலை, மூடுபனி. எல்லைக்கு முன்னால் ஒரு பெரிய ஏரி. அதன் கரையோரமாகவே சாலை போகும்.

அப்பாவும் எங்களோடு உட்கார்ந்துகொள்வார். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இந்த வளைவு தாண்டினதும் பள்ளத்தாக்கு முழுசும் தெரியும். விடியக்காலைல போனா, மேகம் நமக்குக் கீழ மிதக்கும்" என்பார்.

"போயிருக்கீங்களாப்பா?"

"எங்க போனேன்? மேப்ல இருக்கற கோட்டைப் பார்த்தாலே தெரியும்மா."

"அப்ப நீங்களும் வாங்களேன்."

"வேண்டாம். வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்ல."

எங்கள் வீட்டில் என்ன கொட்டிக்கிடக்கிறது, காவல் காக்க? எத்தனையோ முறை கேட்டும் அதே பதில்தான். கை மட்டும் அந்த ஏரியைத் தடவிக்கொண்டே இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார்.

"எதுக்குங்க இத்தனை இடத்துல நிறுத்தம்?"

"என்ன பண்றது? இப்பல்லாம் என்னால ரொம்ப நேரம் அடக்க முடியல. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கு."

அப்பாவையும், அன்று வீட்டுக்கு வந்திருந்த என் தம்பியையும் எதிரில் வைத்துக்கொண்டு இப்படியா பேசுவார் ஒரு மனுஷர். எனக்குத்தான் மானம் போயிற்று.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், பேசாம ஒரு பக்கெட்டைப் பின்னால கட்டிக்கிட்டுப் போயிடலாம்."

அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ரோஷம் என்பது மருந்துக்கும் கிடையாது.

அன்றிலிருந்து வழியில் உள்ள ஹோட்டல் ஒவ்வொன்றுக்கும் போன் போட ஆரம்பித்தார். "டாய்லெட் கீழயே இருக்கா? படி ஏறணுமா? பிடிச்சுக்கக் கம்பி இருக்கா?" லிஃப்ட் மெக்கானிக் அவர். பத்து மாடிக்கும் படியேறி இறங்குகிற ஆள். இவருக்கு எதற்குக் கம்பி?

கடைசியில் என் ஏரியிலேயே கை வைத்தார்.

"எல்லையில அந்தப் பெரிய செக்போஸ்ட் வேண்டாம். வரிசையில மணிக்கணக்கா நிக்கணும், நடுவுல இறங்க முடியாது. தெற்கால ஒரு சின்ன செக்போஸ்ட் இருக்கு. சுத்துதான், ஆனா கூட்டம் இல்லை."

"அப்ப ஏரி?"

"அது வராது."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் அழுதிருப்பேன். பின்னாலேயே அப்பாவின் குரல் கேட்டது.

"நானும் வர்றேன் மாப்பிள்ளை. இந்த நிலைமையில நீங்க வண்டி ஓட்டும்போது, வழி சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

அப்பா வருகிறார் என்றதும் ஏரி போன வருத்தம் பாதி குறைந்தது. மீதிப் பாதி பயமாக மாறியது. இந்த மனுஷருக்கு உண்மையிலேயே என்ன ஆயிற்று? பக்கத்து வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் கிட்னி என்றார்கள்.

"டாக்டர்கிட்ட போலாங்க."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா இத்தனை வட்டம்?"

"போயிட்டு வந்து பார்த்துக்கலாம் விடு" என்று நழுவினார். எப்போது கேட்டாலும் இதே நழுவல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளிக்கப் போனதும், வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனேன். அவர் பயணத்துக்காகப் பழைய ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"பயணம் வேண்டாம்ப்பா."

அப்பாவின் கை நின்றது.

"முதல்ல அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். கடல் எங்கயும் போயிடாது. அவருக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்குப்பா."

அப்பா ஷூவைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் கையில் ஒட்டியிருந்த பாலிஷைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா இப்படித் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை.

"மாப்பிள்ளைக்கு ஒரு வியாதியும் இல்லம்மா. எனக்குத்தான். போன மாசம் உன் தம்பி வீட்டுலேர்ந்து திரும்பி வரும்போது, கார் சீட்டை நனைச்சிட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். மறுநாள் ஜன்னல் வழியா பார்த்தா, அவர் தனியா உட்கார்ந்து அந்த சீட்டைக் கழுவிக்கிட்டு இருந்தார்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பா அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே. பாவம், சங்கடப்படுவார்."