காலித் தட்டில் ஒரு கோழிக்கால்

பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பினால் முன்னோர் ஒருவரின் நினைவை அதன் மூளையில் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்ட காலம். மகள் ஜூனியின் முறை வந்தபோது வெர்லீன் பயந்து இரண்டு முறை நாளைத் தள்ளிப்போட்டாள். அமெரிக்காவின் தெற்கே வெள்ளையர்கள் கறுப்பர்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட நாட்களில், வெர்லீனின் கொள்ளுத்தாத்தா லூஷியஸ், ஆறு வயதுப் பிள்ளையாகத் தாயோடு மிசிசிப்பியை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். அவர் பதிந்து வைத்துவிட்டுப் போனது அந்த ஒரு பயணத்தை மட்டும்தான். உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரு கோழிக்காலைக் காலித் தட்டில் எடுத்து வைப்பார். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். காரணம் தெரியாமலேயே குடும்பம் இன்றும் வைக்கிறது.

நினைவு ஏறி முடிந்ததும் ஜூனி கண் விழித்தாள்.

"ரொம்பப் பயந்துட்டியா கண்ணு?"

"இல்லம்மா. ரயில்ல நமக்குச் சாப்பாடு தரமாட்டாங்களாம். அதான் தாத்தாவோட அம்மா கோழி வறுத்து, செருப்பு டப்பாவுல வச்சுக் கொண்டாந்தாங்க. தனக்குப் பசிக்கலைன்னாங்க, எல்லாத்தையும் நானே தின்னுட்டேன். அப்புறம் நான் தூங்கிட்டேன்னு நெனச்சு எலும்பையெல்லாம் எடுத்துச் சப்புனாங்க."

வெர்லீனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று சிரித்தாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

ஞாயிறன்று கோழிக்கால் வழக்கம்போல் காலித் தட்டில் இருந்தது. ஜூனி அந்தத் தட்டைத் தாயின் பக்கம் நகர்த்தினாள்.

"நீ சாப்பிடும்மா. பசிக்கலைன்னு சொல்லாத. நான் தூங்கல."