விளக்கு அணையட்டும்

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே வரக்கூடாது. அதுதான் நம்ம வழக்கம்" என்றபடி எழுந்தார் ஜபுலானி குமேதே.

ஊர்க்கூடத்தில் எள் போட இடமில்லை. அங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம். குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, எல்லாரும் போர்வைக்குள் ஒடுங்கியிருந்தார்கள்.

"பேசுங்கண்ணே. ஆனா சுருக்கமா" என்றார் தலைமை வகித்த கவுன்சிலர் மபாதா. "துணை மின் நிலையத்துப் பக்கம் நகராட்சி வைக்கப்போற பெரிய பேட்டரிக்கு ஊர் சம்மதமான்னு இன்னைக்கே கை தூக்கிச் சொல்லணும். விட்டா பக்கத்து ஊருக்குக் கொடுத்துடுவாங்க."

கொடுக்கட்டும் என்றுதானே ஜபுலானி எழுந்தார்! ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர் அவர். கல்யாணமோ சாவோ, ஊரில் கரண்ட் போனால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். அந்தப் பேட்டரி வந்தால் கரண்டே போகாதாம். அப்புறம் அவர் பிழைப்பில் மண்தான்.

எட்டு மணிக்கு இந்தப் பகுதியில் மின்வெட்டு. இருட்டில் கையை எண்ண முடியாது, கூட்டம் கலைந்துவிடும். அதுவரை பேசினால் போதும்.

சபையில் இருக்கும் குலங்களைப் புகழ்ப்பெயர் சொல்லி வணங்கிவிட்டுத்தான் அங்கே யாரும் பேசத் தொடங்குவார்கள். மற்றவர்கள் இரண்டொரு பெயரோடு விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். ஜபுலானி ஒன்றையும் விடவில்லை.

"ம்கிசே வீட்டு மக்களே, கபசேலாவின் பிள்ளைகளே..." என்று ஆரம்பித்துப் பாட்டன் பூட்டன் வரை போனார். அடுத்து புத்தெலேசி வீட்டார், ஷெங்கேயின் வாரிசுகள். முன்னோர் பெயர் காதில் விழுந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். பெரியவர்கள் கைத்தடியால் தரையைத் தட்டினார்கள். தன் குலத்தைப் புகழ்கிறவனை உட்காரச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

"எங்களை விட்டுட்டியேப்பா" என்று பின்வரிசையில் ஒருவர் குறைப்பட்டார்.

"விடுவேனா மச்சான்? உங்க அம்மா வழியையும் சேர்த்தே சொல்றேன்."

கவுன்சிலர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மகள் லிண்டிவேயோடு முன்வரிசையில் இருந்த ஜபுலானியின் மனைவி சிபுயிலே மட்டும், அவர் தொண்டை கம்மும்போதெல்லாம் தண்ணீரை நீட்டி, "நிறுத்தாதீங்க, பேசுங்க" என்று கையைக் காட்டினாள். பெண்டாட்டி என்றால் இவள் பெண்டாட்டி! ஜபுலானி பூரித்துப்போனார்.

மணி எட்டானது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சரி, அரசாங்கக் காரியம், முன்னே பின்னேதான் ஆகும். அவர் பேட்டரிக்குத் தாவினார்.

"அது தீப்பிடிக்கும். தண்ணியைக் கெடுக்கும். அதெல்லாம்கூட போகட்டும், சொன்ன நேரம் தாங்காதுய்யா. நம்பினவனை நடுவழியில இருட்டுல விட்டுடும். என் ஜெனரேட்டர் விடிய விடிய ஓடும்."

"ஓடும், ஓடும். எங்கப்பா சாவுக்கு ராத்திரி முழுக்கப் பாடினோமே, உன் ஜெனரேட்டர் சத்தத்துல ஒரு வரி அவருக்குக் கேட்டிருக்குமா?" என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது.

கைபேசிகள் கிணுகிணுத்தன. ஆளுக்காள் காதைக் கடித்தார்கள். தூங்கி வழிந்தவர்கள்கூட நிமிர்ந்து, விளக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பேச்சு எடுபடுகிறது என்று ஜபுலானிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. இன்னும் பேசினார். ஒன்பது வரை பேசினார். கால் கடுத்தது, குரல் போயே போனது. பாழாய்ப்போன விளக்கு அணையவே இல்லை.

தொப்பென்று நாற்காலியில் விழுந்தார்.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கவுன்சிலர்.

கூடமே கை தூக்கியது. குலவை காதைப் பிளந்தது. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என் நேரம் பாரு, இன்னைக்குன்னு மின்வெட்டை ரத்து பண்ணிட்டாங்க" என்று மனைவியிடம் முனகினார் ஜபுலானி.

சிபுயிலே அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தாள். ஊர் முழுக்கக் கும்மிருட்டு. ஒரு வீட்டில்கூட வெளிச்சமில்லை. கூடத்துச் சுவரோரம் மட்டும், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல், புத்தம் புதுப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என் தையல் காசுல வாங்கின பேட்டரிங்க. இன்னைக்கு இந்தக் கூடத்து விளக்குக்குத்தான் முதல் வாடகை. கரண்ட் கம்பி போகாத மலைப்பக்கத்துலயும் இதைத்தான் கேக்கிறாங்க, நம்ம கடை படுத்துடாது" என்றாள். "ஆனா சொன்ன நேரம் தாங்குமான்னு உங்களை மாதிரியே ஊருக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு, லிண்டிவே அப்பா. அதான் உங்களை விடாம பேச வெச்சேன்."