முன்னால் ஓடும் புள்ளி

"வேற ஒருத்தர் ஓடுன ஓட்டத்தை இந்த வாட்சுல ஏத்த முடியுமா, பாய்?"

கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த ஜாஃபர் நிமிர்ந்து பார்த்தார். சிங்கப்பூர் தேக்காவில் வெகுகாலமாக வாட்ச் விற்கிறார். பேட்டரி எத்தனை நாள் வரும், தண்ணீர் புகுமா, தள்ளுபடி உண்டா என்றுதான் ஆட்கள் கேட்பார்கள். இது புதுக் கேள்வி.

கேட்டவன் பிரபாகர். முப்பதைத் தாண்டிய வயது. தொப்பை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஆள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"யார் ஓடுன ஓட்டம் தம்பி? கூட்டாளியை ஜெயிக்கணுமா?"

"ஜெயிக்கல்லாம் வேணாம் பாய். கூட ஓடணும், அவ்ளோதான்."

பாக்கெட்டிலிருந்து ஓர் ஊதா நிற வாட்சை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தான். பெண்கள் கட்டும் சின்ன வாட்ச். ஸ்ட்ராப் வெளுத்துப்போயிருந்தது.

"என் வொய்ஃப் திவ்யாவோடது. தினமும் விடியகாலைல பாசிர் ரிஸ் பீச்ல ஓடுவா. என்னையும் எழுப்புவா. நாளைக்கு வரேன் லான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன்."

"இப்ப?"

"இப்ப அவ ஓடுறதில்ல பாய்."

வெளியே மழை விட்டிருந்தது. பூக்கடைப் பக்கமிருந்து மல்லிகை வாசம் கடைக்குள் வந்தது. மேலே கேட்கலாமா வேண்டாமா என்று ஜாஃபர் தயங்கினார். பிரபாகர் தானாகவே பேசினான்.

"குளிக்கும்போதுகூட இதைக் கழட்ட மாட்டா. நேத்து நான்தான் கையிலேர்ந்து கழட்டினேன். பட்டுப்புடவை, தலை நெறைய பூ… அவ்ளோ அழகா இருந்தா. சொந்தக்காரங்க எல்லாம் வரிசையா வந்தாங்க. மாமியார் ஒரே அழுகை."

ஜாஃபர் துடைக்கும் துணியைக் கீழே வைத்தார். அவர் மனைவியும் சாயங்காலமானால் நடக்கக் கூப்பிடுகிறாள். அவரும் நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து வீட்ல நான் மட்டும்தான். தூக்கம் வரும்னு தோணல. அதான், காலைல எந்திரிச்சு அவகூட ஓடலாம்னு…"

பிரபாகரின் விரல் அலமாரியில் இருந்ததிலேயே பெரிய வாட்சைக் காட்டியது. வேறு நாளாக இருந்தால் ஜாஃபர் அதைத்தான் தலையில் கட்டியிருப்பார்.

"அது வேணாம் தம்பி. மலை ஏறுறவங்களுக்கு உள்ளது. பாசிர் ரிஸ்ல ஏது மலை? உங்களுக்கு இது போதும். அவங்க ஓட்டம் எல்லாம் ஆப்ல இருக்கா?"

இருந்தது. பிரபாகர் தன் கைபேசியில் திறந்து காட்டினான். ஜாஃபர் ஓர் ஓட்டத்தைப் புது வாட்சில் ஏற்றினார்.

"இந்தக் கோடுதான் அவங்க போன பாதை. நீங்க கிளம்புனதும் இந்தப் புள்ளி முன்னாடி போகும், அவங்க அன்னைக்கு ஓடுன அதே வேகத்துல."

கடலோரம் வளைந்த கோட்டின்மேல் சின்னப் புள்ளி நகர்ந்தது. பிரபாகர் இமைக்காமல் பார்த்தான். அவனுக்குக் கடை மறந்துபோயிற்று. இன்னும் வெளுக்காத வானம், தூரத்தில் கப்பல் விளக்குகள், ஈர மணல், முன்னால் இடமும் வலமும் ஆடிக்கொண்டு போகும் ஒரு குதிரைவால் முடி. இத்தனை நாள் போர்வைக்குள் கிடந்து எவ்வளவு இழந்துவிட்டோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

புள்ளி ஓரிடத்தில் நின்றது.

"ஏன் பாய் நிக்குது?"

"அங்க கொஞ்சம் நின்னுருப்பாங்க."

"அங்க ஒரு பெஞ்சு இருக்கு. அங்க உக்காந்துதான் எனக்குப் போன் பண்ணுவா, எந்திரிச்சாச்சான்னு கேக்க."

புள்ளி மறுபடி நகர்ந்தது.

"நான் அவளைப் பிடிச்சுடுவேனா பாய்? ரெண்டு மாசம்தான் இருக்கு."

ஜாஃபர் பதறிப்போய் அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

"அப்படில்லாம் பேசக்கூடாது தம்பி. சின்ன வயசு உங்களுக்கு. அவங்களுக்காக நான் துவா செய்றேன்."

"கண்டிப்பா செய்ங்க பாய். எல்லாம் நல்லபடியா முடியணும்."

பதினாறாம் நாள் காரியத்தைச் சொல்கிறான் போலும். ஜாஃபர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாட்சைப் பையில் போட்டு, கூடவே ஓர் ஊதா ஸ்ட்ராப்பையும் வைத்தார்.

"இது என் அன்பளிப்பு. இதுக்குக் காசு வேணாம்."

கதவு திறந்தது. கலகலவென்று ஒரு சத்தம் உள்ளே வந்தது.

"டாக்ஸி வந்துடுச்சு பிரபா. ஆங் மோ கியோ வீட்ல அம்மா வாசலுக்கும் வீட்டுக்குமா நடந்துட்டு இருக்காங்களாம். பிள்ளை பொறந்து ஓடவே ஆரம்பிச்சுடும் போல, நீங்க இன்னும் வாட்ச் வாங்கி முடிக்கலையா?"

மேடிட்ட வயிற்றைத் தாங்கியபடி திவ்யா நின்றிருந்தாள். நேற்றைய வளைகாப்பில் ஊரே அடுக்கிவிட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கைகளிலும் முழங்கைவரை ஏறியிருந்தன. ஒரு வாட்ச் கட்ட அங்கே இடமே இல்லை.