சாயம் வந்த வழி

ஸ்ரீரங்கம் தீவின் நிலத்தடி நீர் மேற்கு நோக்கித்தான் போகிறது என்று அடித்துச் சொன்னார் கல்லூரி ஆசிரியர் ஆராவமுதன்.

"ஆறே கிழக்கேதானே ஓடுது, சார்?" என்றார் உடன் வேலை பார்க்கும் ஜெகபர் சாதிக்.

வாக்குவாதத்தைத் தீர்க்க, ஆராவமுதன் திருவானைக்காவலில் ஒரு கிணற்றில் பச்சைச் சாயம் கலந்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், மேற்கே ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக் கிணறே பச்சையாக நின்றது!

உடனே சாதிக்குக்கு ஆள் அனுப்பினார்.

"பாரும்! ஒரே ராத்திரியில ஒரு மைல்! மெட்ராஸ் மாநாட்டுல இதைத்தான் படிக்கப்போறேன்."

சாதிக் கிணற்றை வெகுநேரம் எட்டிப் பார்த்தார். "தோத்துட்டேன் சார். ஆமா, அங்க சாயத்தை எதுல கரைச்சீங்க?"

"கண்டவா தொட்ட வாளியை நான் தொடுவேனா? எங்காத்து வாளியையே சைக்கிள்ல மாட்டிண்டு போனேன்."

அப்போது அவர் மனைவி கோமளம் வாளியோடு வந்து நின்றாள். "ஏன்னா, நேத்து வந்ததும் இதை அலம்பாமலே கிணத்துல விட்டுத்தானே குளிச்சேள்? அடியெல்லாம் பச்சை!"

ஆராவமுதன் வாளியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பிறகு கையில் தயாராக வைத்திருந்த மாநாட்டுக் கட்டுரையை நான்காக மடித்தார்.

"தண்ணி எங்கேயும் போகலை, சாதிக். சாயத்தை நான்தான் சைக்கிள்ல அழைச்சிண்டு வந்திருக்கேன்."