பத்திரமான இடம்

"பிளாப்பியில எவனாவது சந்தனம் பூசுவானா? சந்தனம் மட்டுமா, அதுக்கு மேல குங்குமம் வேற!"

கல்யாணராமன் போட்ட சத்தத்தில், வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

1989-ஆம் ஆண்டு. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வாங்கினால், குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள்கூட அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போன காலம். நோயாளிகளின் விவரங்களைத் தினமும் பிளாப்பியில் நகல் எடுத்து வைக்க அந்த ஆஸ்பத்திரிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் கல்யாணராமன். இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. போன் வந்ததும் புது டிஸ்க்கோடு திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். நகல் எங்கே என்று கேட்டால், ஆபரேட்டர் தங்கத்தாய் பூஜை அலமாரியிலிருந்து ஐந்து பிளாப்பிகளை எடுத்து வந்து மேஜையில் வைக்கிறாள். முந்தாநாள் ஆயுத பூஜை. ஐந்திலும் பொட்டு.

"இதென்ன அரிவாள்மணையா, அம்மிக்கல்லா? நடுவுல இருக்கிற ஓட்டையில விரல் பட்டாலே போச்சு. நீ சந்தனத்தை அப்பி வச்சிருக்க!"

"சார், நான் சொல்லுதத ஒரு நிமிசம்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்! சின்னப் பிள்ளையும் ஓட்டுற மாதிரி புரோகிராம் எழுதினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

சத்தம் கேட்டு டாக்டர் சங்கரம்மாள் உள்ளே வந்தார்.

"என்ன கல்யாணராமன், ரெக்கார்டெல்லாம் வந்துருமா?"

"எங்கேர்ந்து வரும் டாக்டர்? மூவாயிரம் பேரோட விவரம். யாருக்கு எந்த ஊசி ஆகாதுங்கிறது வரைக்கும் இதுலதான் இருக்கு. சந்தனத்துல கரைச்சுட்டா உங்க ஆபரேட்டர். முதல்ல இவங்களை வேலையை விட்டு அனுப்புங்க!"

டாக்டரின் முகம் சிவந்தது. "தங்கத்தாய், ரெக்கார்டு வராட்டா நாளையிலேருந்து நீ வரவேண்டாம்."

தங்கத்தாய் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்தவளுக்கு, இப்போது சுள்ளென்று கோபம் வந்தது.

"டாக்டரம்மா, ஸ்டெதாஸ்கோப்புக்குப் பொட்டு வச்சிய. ஆம்புலன்சுக்கு வச்சிய. கம்ப்யூட்டர் பிளாப்பியையும் சாமிகிட்ட வைன்னு நீங்கதான் சொன்னிய. சொன்னியளா இல்லியா?"

தங்கத்தாய் கல்யாணராமன் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் சார், உங்க புரோகிராம்! நகல் எடுத்து முடிச்சதும் என்ன எழுதிக் காட்டுது? 'பத்திரமான இடத்தில் வைக்கவும்'. அவ்வளவுதான். இந்த ஊர்ல பத்திரமான இடம்னா சாமி அலமாரிதான். தண்ணி படக்கூடாது, விரல் படக்கூடாதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கியளா? ஒரு எழுத்து மாத்தி அடிச்சா 'தப்பு'ன்னு வெடுக்குனு சொல்லுது. என்ன தப்பு, எப்படித் திருத்தணும்னு சொல்லுதா? வேலை பாக்கவள திட்டுததுக்கா ஒரு புரோகிராம்?"

"இப்ப என்னைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது? போனது போனதுதானே!"

"ஒண்ணும் போகல."

தங்கத்தாய் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இன்னும் ஐந்து பிளாப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்றிலும் ஒரு தூசிகூட இல்லை.

"சந்தனம் ஈரம்லா, மெசினு வாசிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அதான் சாமிக்குன்னு தனியா ஒரு செட்டு நகல் எடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் என்னைய எங்க பேசவிட்டிய?"

டாக்டர் சங்கட‌மாகச் சிரித்தார். "நான் சொன்னத மனசுல வச்சுக்காத. நாளைக்கு நேரத்துக்கு வந்துரு. கல்யாணராமன், அப்ப இதை உடனே ஏத்திரலாம்ல?"

"ஏத்தலாம். புது டிஸ்க்ல முதல்ல என் புரோகிராமை ஏத்தணும். அது இருந்தாத்தான் இந்த நகலை வாசிக்கும்."

"அந்தப் புரோகிராம் பிளாப்பியை இங்கன ஒண்ணு குடுத்துவச்சிருந்தா, காலையிலேயே நானே ஏத்தியிருப்பேன்லா?" தங்கத்தாயின் கோபம் இன்னும் ஆறவில்லை.

கல்யாணராமனுக்கு மறுபடியும் மூக்கு விடைத்தது. டாக்டர் முன்னால் ஒரு ஆபரேட்டர் தன்னை மடக்குவதாவது!

"குடுத்தா ஊரே காப்பியடிச்சிரும். ஒரு வருஷ உழைப்பும்மா அது! யாரும் நகல் எடுக்க முடியாதபடி பூட்டு போட்டிருக்கேன். என்னாலயே இன்னொண்ணு எடுக்க முடியாது. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதை எங்க வீட்டுல எவ்வளவு ஜாக்கிரதையா வச்சிருக்கோம் தெரியுமா? பிளாப்பியை எப்படி வச்சுக்கணும்னு இப்பப் பாத்துக்கோ!"

மடியில் இருந்த தோல்பையைத் திறந்தான். காலையில் அவசரத்தில் மனைவி நீலா எடுத்து வைத்திருந்த வெள்ளை உறையிலிருந்து பிளாப்பியை இரண்டு விரலால் பதமாக உருவி, தங்கத்தாயின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

நடு ஓட்டையை அடைத்துக்கொண்டு சந்தனம். அதன் மேல் வட்டமாகக் குங்குமம்.